அச்சாரம் வாங்கியாச்சு, வருமானம் ஆச்சா? ஆலோசனைக் கம்பெனி கணக்கு: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் 26 வருடம் கணக்கு எழுதியவன் நான். இப்போது வண்ணார்பேட்டையில் தனியாக உட்கார்ந்து சின்ன கம்பெனிகளுக்குப் புத்தகம் பார்க்கிறேன். புதிதாக பிசினஸ் கன்சல்டிங் ஆரம்பித்தவர்கள் கேட்கலாம் என்று சொன்னேன். கேட்டவர்களை ஊர் பெயரால் குறிக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. தொழிலுக்குத் தனி பேங்க் அக்கவுண்ட் இல்லாதவர்கள், அதைத் திறந்துவிட்டு வந்து கேளுங்கள்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, நானும் நண்பனும் பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்து நாலு மாசம். அக்கவுண்டிங் பாலிசி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார் ஆடிட்டர். என்ன எழுத?

நல்ல ஆடிட்டர், விட்டுவிடாதீர்கள். எந்த நாளில் ஒரு தொகையை வருமானம் என்று சொல்வீர்கள், லேப்டாப், மேஜைக்குத் தேய்மானம் எப்படி, வராத பாக்கியை எப்போது தள்ளுவீர்கள், கம்பெனி தொடங்கிய செலவை என்ன செய்தீர்கள். இவ்வளவுதான். தொழில் தொடர்ந்து நடக்கும், முறை வருடா வருடம் மாறாது, வரவேண்டியதும் கொடுக்கவேண்டியதும் கணக்கில் ஏறும் என்ற மூன்றையும் எழுதாவிட்டாலும் இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். பின்பற்றவில்லை என்றால்தான் சொல்ல வேண்டும்.

பெரிய கம்பெனியின் பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். ஒரு தம்பி ஒட்டியதில் சரக்கு இருப்பை மதிப்பிடும் முறை என்று ஒரு முழுப் பத்தி இருந்தது. அவர் ஆபீஸில் இருந்தது இரண்டு நாற்காலியும் ஒரு மேஜை விசிறியும்.

மேலப்பாளையம்: ஜிஎஸ்டி எப்போது எடுக்க வேண்டும்?

சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் கட்டாயம். ஆலோசனைக்கு வரி 18 சதவீதம். உங்கள் வாடிக்கையாளர்கள் ஜிஎஸ்டி உள்ள கம்பெனிகள் என்றால் முன்கூட்டியே எடுப்பதில் நஷ்டமில்லை, நீங்கள் வாங்கும் வரியை அவர்கள் தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் வரவு வைத்துக் கழித்துக்கொள்வார்கள். பெட்டிக்கடைக்கும் டெய்லர் கடைக்கும் ஆலோசனை சொல்பவர் அவசரப்பட வேண்டாம்.

பேட்டை: கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கம்பெனிக்கு ஆறு மாச வேலை, பிப்ரவரி முதல் ஜூலை வரை. அடக்கவிலை போடுவது, ஸ்டாக் பதிவு, ஆட்களுக்குப் பயிற்சி. மொத்தம் 2,40,000. பாதி அட்வான்ஸ் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. மார்ச் 31-க்கு எதை வருமானம் என்று போட? நாங்களும் பிரைவேட் லிமிடெட்தான்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். பேங்கில் என்ன விழுந்தது என்று முதலில் பார்ப்போம். அட்வான்ஸ் 1,20,000. அதன்மேல் ஜிஎஸ்டி 21,600. அவர்கள் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி, 10 சதவீதம் பிடித்திருந்தால் 12,000 போய்விடும். பிடிக்க வேண்டியது பத்தா இரண்டா என்பது தனிச் சண்டை, இப்போது வேண்டாம். பாஸ்புக்கில் 1,29,600. பலர் இந்த எண்ணை அப்படியே வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். அதில் மூன்று தப்பு இருக்கிறது.

ஒன்று, 21,600 அரசாங்கத்தின் பணம், உங்கள் பை வழியாகப் போகிறது. தனி லெட்ஜர். இரண்டு, டிடிஎஸ் செலவு அல்ல, முன்கூட்டியே கட்டிய உங்கள் வரி. மூன்றாவதுதான் பெரிசு. மார்ச் 31 அன்று ஆறில் இரண்டு மாசம் முடிந்திருக்கிறது. வேலை மாசா மாசம் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 80,000 வருமானம். மீதி 40,000 பேலன்ஸ் ஷீட்டில் கடன் பக்கத்தில் 'வாடிக்கையாளர் முன்பணம்' என்று உட்கார வேண்டும். நீங்கள் அவருக்கு வேலை பாக்கி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஜிஎஸ்டிக்கு இந்த நியாயம் செல்லாது. சேவைக்கு வாங்கிய அட்வான்ஸுக்கு, வாங்கிய மாசமே முழு வரி. அதனால் ரிட்டர்னில் 1,20,000, லாப நஷ்டத்தில் 80,000 என்று வேறுபடும். அந்த வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி ஃபைலில் வையுங்கள். ரெண்டு வருஷம் கழித்து நோட்டீஸ் வரும்போது ஞாபகம் வராது. டிடிஎஸ் ஜிஎஸ்டி மாதிரி இல்லை: வருமானம் எந்த வருடமோ அந்த வருடம்தான் வரவு. இந்த வருடம் 8,000, மீதி 4,000 அடுத்த வருடம்.

வள்ளியூர்: அண்ணாச்சி, குறுக்கே வருகிறேன். 11 வருஷமாகத் தனி ஆளாகக் கன்சல்டிங் செய்கிறேன். அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. திருப்பித் தர வேண்டாத பணம் எப்படிக் கடன் ஆகும்? வந்த அன்றே வருமானம்தான்.

அண்ணாச்சி, உங்க ஊர்ப் பக்கம் சித்திரைக் கோயில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டுக்காரருக்கு மாசியிலேயே அச்சாரம் கொடுப்பார்கள். விழாக்குழு பின்வாங்கினால் அச்சாரம் போச்சு, திரும்பாது. அதற்காக மாசியிலேயே அவர் பாடி முடித்துவிட்டார் என்று ஆகுமா? கொடை அன்று ராத்திரி வில்லில் கோல் விழுந்தால்தான் அவர் சம்பாதித்தது. திரும்பாத பணம் வேறு, உழைத்து முடித்த பணம் வேறு.

வள்ளியூர்: உதாரணம் நல்லா இருக்கு. ஆனால் வருமான வரியில் பணம் வந்தபோது வரவு வைக்கும் முறையும் உண்டே?

உண்டு. உங்களைப் போல் சொந்தப் பெயரில் நடத்துபவர் அந்த முறையைத் தேர்ந்துகொள்ளலாம், தொடர்ந்து அதையே பின்பற்ற வேண்டும். பேட்டைத் தம்பி நடத்துவது கம்பெனி. 2013-ம் வருட கம்பெனிச் சட்டம் 128-ம் பிரிவு அவருக்கு அந்த வழியை அடைத்துவிட்டது. உங்கள் கணக்கு உங்களுக்குச் சரி, அவருக்குத் தப்பு.

சரி, நான் ஒன்று கேட்கிறேன். மார்ச் மாச ஆபீஸ் வாடகையை ஏப்ரல் 5-ம் தேதி கொடுப்பீர்கள் இல்லையா? அதை எந்த வருடச் செலவில் எழுதுகிறீர்கள்?

வள்ளியூர்: மார்ச் வாடகை மார்ச்சில்தானே எழுதணும்.

மாட்டிக்கிட்டீங்க. வரவுக்குப் பணம் வந்த நாள், செலவுக்கு மட்டும் பாக்கி விழுந்த நாளா? ஒரே புத்தகத்தில் இரண்டு முறை ஓடாது. அதோடு இன்னொன்று: உங்கள் முறையில் ஒரு வாடிக்கையாளர் பணம் தராமல் போனால் வராக்கடன் என்று கழிக்கவும் முடியாது. வருமானம் என்று எழுதாத தொகையை எங்கிருந்து தள்ளுவீர்கள்?

சேரன்மகாதேவி: இந்தச் சண்டையில் எனக்கொரு சந்தேகம். வேலை முழுதும் முடிந்த பிறகு மொத்தமாக வருமானம் காட்டலாமா?

கடைசி வேலைதான் உயிர், அது முடியாவிட்டால் முன்னால் செய்தது வீண் என்றால் வருமானத்தை எப்போது எழுதுவது என்று சொல்லும் கணக்கியல் தரம் 9-ல் அதற்கு இடம் உண்டு. வருமான வரிக் கணக்கில் 90 நாளுக்குள் முடியும் வேலைக்குத்தான் பொதுவாக அந்தச் சலுகை. ஆறு மாச வேலைக்கு ஆசைப்படாதீர்கள்.

தென்காசி: பேங்க் லோனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் செய்து தருகிறோம். ரிப்போர்ட்டுக்குத் தனி ஃபீஸ், லோன் கிடைத்தால் ஒரு சதவீதம் மேலே. மார்ச்சில் மனு கொடுத்தாச்சு.

ரிப்போர்ட்டை ஒப்படைத்த அன்று அந்த ஃபீஸ் வருமானம். ஒரு சதவீதம், அனுமதிக் கடிதம் கையில் வரும்வரை கணக்கில் எங்கும் வரக்கூடாது. மேனேஜர் தலையாட்டினார் என்பது ரசீது இல்லை.

நாங்குநேரி: ஜிஎஸ்டி எடுக்கணுமா அண்ணாச்சி? வரவு 9 லட்சம்.

வேண்டாம். மேலே மேலப்பாளையத்துக்குச் சொன்னதுதான்.

பாளையங்கோட்டை: லேப்டாப் 62,000. மொத்தமும் இந்த வருடச் செலவாகப் போடலாமா தம்பி? கம்பெனிதான், நவம்பரில் வாங்கினோம். கம்பெனி தொடங்கிய செலவை என்ன செய்ய?

முடியாது மதினி. கம்பெனிப் புத்தகத்தில் கம்ப்யூட்டருக்கு ஆயுள் 3 வருடம் என்று பிரித்து எழுதுவது வழக்கம். வரிக்கு 40 சதவீதத் தேய்மானம், ஆனால் அந்த வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியதால் பாதி. நவம்பரில் வாங்கினால் பாதிதான். கம்பெனி தொடங்கிய செலவு: புத்தகத்தில் உடனே செலவு, வரிக்கணக்கில் தகுதியுள்ள பகுதியை 5 வருடத்துக்குப் பிரித்துக் கழிக்கலாம்.

டவுன்: பாதி வருமானத்தை லாபம் என்று காட்டி, புத்தகமே இல்லாமல் இருக்கலாம் என்கிறார்களே?

அது வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு. 2025-ல் வந்த புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் பிரிவு எண்களை மாற்றிவிடுகிறது, பழகிய எண்ணில் சொல்கிறேன். வரவு 50 லட்சம் வரை, ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம். தனி நபருக்கும் சாதாரணப் பார்ட்னர்ஷிப்புக்கும் மட்டும். கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் (பொறுப்பு வரம்புள்ள பார்ட்னர்ஷிப்) கிடையாது. அப்புறம் ஒரு சிக்கல்: பட்டியலில் இருப்பது தொழில்நுட்ப ஆலோசனை, கணக்கியல் போன்றவை. வெறும் பிசினஸ் ஆலோசனை என்று வார்த்தை இல்லை. உங்கள் வேலையை விளக்கி ஆடிட்டரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வீரவநல்லூர்: வாடிக்கையாளருக்கு அரைக் கிலோ அல்வா வாங்கிப் போனேன். எந்தத் தலைப்பு?

வியாபார மேம்பாடு. பரிசாகக் கொடுத்ததால் அதன் ஜிஎஸ்டியை வரவு எடுக்க முடியாது. போகிற வழியில் வீட்டுக்கும் அரைக் கிலோ வாங்கினீர்களே, அது உங்கள் சொந்தக் காசு. கம்பெனி கார்டைத் தேய்க்கக்கூடாது. தனி அக்கவுண்ட் என்று முதலிலேயே சொன்னேன்.

திசையன்விளை: தாத்தா பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும்.

தாலுகா ஆபீஸ்.

கங்கைகொண்டான்: ஜிஎஸ்டி எப்போது...

மேலே.

வள்ளியூர்: அண்ணாச்சி, மார்ச் வாடகையை ஏப்ரலுக்கு மாற்றி எழுதிவிட்டேன். அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சித்திரையில் கொடைக்கு வருகிறேன். வில்லுக்காரரிடமே கேட்டுவிடுவோம்.