இளக்காரப் பேச்சு பிரஷரை ஏற்றுமா? டாக்டரம்மாவிடம் கேள்வி பதில்

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை): டாக்டரம்மா, பட்டறையில் ஒருவர் என் சாதியைச் சொல்லி தினமும் குத்துகிறார். மனசு வலிக்கிறது, சரி. பிரஷர்கூடவா ஏறும்?

பதில்: ஏறும் தம்பி. அவமானத்தையும் மூளை ஆபத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கும், ரத்தக் குழாய் இறுகும், பின்னாலேயே கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் வரும். ஒரு நாள் பேச்சென்றால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். தினமும் அதே ஆள் என்றால் அவர் வாய் திறப்பதற்கு முன்பே உடம்பு விறைத்துக் காத்திருக்கும். கெடுதல் அங்கேதான். தூக்கம் போகும், சர்க்கரை ஏறும். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியையும் நாள்பட்ட கார்டிசால் பாதிக்கும். இப்படிச் சேரும் தேய்மானத்துக்கு 1993-ல் மெக்யூவன், ஸ்டெல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 'அலோஸ்டேட்டிக் லோடு' என்று பெயர் வைத்தார்கள். அதற்காக உப்பும் புகையும் காரணமில்லை என்று ஆகிவிடாது. மாத்திரையை விடாதீர்கள்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): மனசைத் திடமாக வைத்துக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. திடமாக முகத்தை வைத்திருப்பவருக்கும் உள்ளே கார்டிசால் சுரக்கும்.

கேள்வி (அம்மாப்பேட்டை, தறி வைத்திருக்கிறோம்): மகளுக்கு வலிப்பு. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லவில்லை. கல்யாணம் வரை மறைக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. மறைத்த வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? புகுந்த வீட்டில் எல்லார் கண்ணிலும் படாமல் மாத்திரை போட முடியாது. ஒரு வேளை விடும், இரண்டு வேளை விடும். கல்யாணக் கண்விழிப்பும் சேர்ந்தால் வலிப்பு வந்தே தீரும் போல ஆகிவிடும். அப்புறம் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். சாவியால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்கவைப்பதுதான் உதவி.

இன்னொன்று. சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாளா என்று சீட்டைப் பாருங்கள். அது கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து. கல்யாணத்துக்கு முன்பே நரம்பியல் மருத்துவரிடம் பேசினால் வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார். நீங்களாக நிறுத்தக் கூடாது. இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்டது, சொந்தக்காரர்கள் விடவில்லை!

கேள்வி (ஆசிரியர், அஸ்தம்பட்டி): உதவித்தொகைக்காக வகுப்பில் சாதிவாரியாக எழுந்து நிற்கச் சொல்கிறோம். தவறா?

பதில்: தவறுதான் சார். உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பையன்களிடம் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ஆய்வாளர்கள் புதிர்ப்பாதைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதி வெளியே தெரியாதபோது உயர்சாதிப் பையன்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் ஏறக்குறைய சமம். எல்லார் முன்னும் சாதியை அறிவித்ததும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் பின்தங்கினார்கள். விவரத்தை அலுவலக அறையில் தனியாக வாங்குங்கள்.

கேள்வி (நாகலூர், ஏற்காடு): மலைக்காரங்க என்றால் கீழே ஆஸ்பத்திரியில் எரிந்து விழுகிறார்கள். பிரஷர் இருந்தும் அம்மா போக மறுக்கிறார்.

பதில்: அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாக்குக்குப் பயந்து எத்தனையோ பேர் வியாதி முற்றியபின்தான் வருகிறார்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் நடக்கிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். ஊர் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதியுங்கள். கீழே போக வேண்டி வந்தால் நீங்களும் கூடவே போங்கள். யார், எந்த நாள், என்ன பேசினார் என்று எழுதி மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள்.