தரவரிசைக்கு ஏற்ற கல்லூரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகன் ப்ளஸ் டூ தேர்வில் கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84 மதிப்பெண் பெற்றிருக்கிறான். நாங்கள் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்கள். பொறியியல் கலந்தாய்வில் அவனுக்கு எந்தக் கல்லூரிகள் கிடைக்கும் என்பதை எப்படிக் கண்டறிவது? பெரிய கல்லூரிகளை விருப்பப் பட்டியலில் மேலே வைத்தால், கிடைக்கக்கூடிய கல்லூரியும் கைநழுவிப் போய்விடும் என்கிறார்கள். உண்மைதானா?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: கணித மதிப்பெண்ணை முழுமையாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டு கூட்டினால், 92, 44, 42 சேர்ந்து உங்கள் மகனின் கட்ஆஃப் 200-க்கு 178 ஆகிறது. ஆனால் இந்த 178-ஐக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி தேட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் அதே 178-க்கு முன்னால் பல்லாயிரம் பேர் கூடுதலாக நிற்பார்கள். கடினமாக இருந்த ஆண்டில் கூட்டம் குறையும். கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிட்ட 2021-ஆம் ஆண்டின் கட்ஆஃப்களை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிடவே இயலாது. ஆகவே தரவரிசைப் பட்டியல் வெளியானதும், மகனின் பொதுத் தரவரிசை எண்ணையும் வகுப்புவாரித் தரவரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் கடைசி இடம் எந்தத் தரவரிசையில் முடிந்தது என்று பாருங்கள். கலந்தாய்வு இணையதளத்திலேயே இந்த விவரம் வெளியிடப்படுகிறது.

அந்த அட்டவணையில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனிப் பத்தி இருக்கும். பலர் பொதுப்பிரிவுப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு மனம் தளர்ந்துவிடுகிறார்கள். உங்கள் மகன் பொதுப்பிரிவின் 31 சதவீத இடங்களுக்கும் போட்டியிடலாம். அதில் கிடைக்காவிட்டால் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீத இடங்களில் அவனுக்கு வாய்ப்பு உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், 7.5 சதவீத இடங்களுக்கான தனித் தரவரிசையும் கிடைக்கும்; அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கடன் வாங்கும் குடும்பங்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

பெரிய கல்லூரிகளை மேலே வைக்கக் கூடாது என்பது முற்றிலும் தவறான அச்சம். இட ஒதுக்கீடு நடக்கும் முறையைக் கவனியுங்கள். ஒரு சுற்றில் தரவரிசையில் முன்னால் இருப்பவரின் பட்டியலை முதலில் எடுத்து, மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் விருப்பத்தை அவருக்கு ஒதுக்கிவிட்டு அடுத்தவரிடம் செல்கிறார்கள். உங்கள் மகனின் முறை வரும்போது முதல் பத்து விருப்பங்களும் நிரம்பியிருந்தால், பதினோராவது விருப்பம் பார்க்கப்படும். முதல் பத்தை எழுதியதற்காக அந்தப் பதினோராவது இடம் அவனுக்குப் பின்னால் இருப்பவருக்குப் போய்விடாது. கிண்டி பொறியியல் கல்லூரியையோ கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியையோ உச்சியில் எழுதுவதால் இழப்பு எதுவும் இல்லை.

இழப்பு வேறோர் இடத்திலிருந்து வருகிறது. எளிதில் கிடைக்கும் கல்லூரியைப் பயத்தில் முதலில் எழுதினால் அதுவே கிடைக்கும். அதற்குக் கீழே எழுதிய, இதைவிட நல்ல கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் கணினி அதைத் திரும்பிப் பார்க்காது. அதேபோல, கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள விருப்பங்களுக்குக் காத்திருப்பதாகத் தெரிவித்தால், மேலே ஓர் இடம் காலியானதும் அது ஒதுக்கப்பட்டுப் பழைய இடம் போய்விடும். எனவே பட்டியலின் வரிசை உங்கள் மகனின் உண்மையான விருப்ப வரிசையாகவே இருக்க வேண்டும்.

விருப்பங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. கடந்த ஆண்டுகளில் அவனுடைய தரவரிசைக்கு முன்பே முடிந்தவை, அதை ஒட்டி முடிந்தவை, வெகுவாகப் பின்னால் முடிந்தவை ஆகிய மூன்றும் இருக்கட்டும். கடைசி வகையைத் தாராளமாகச் சேருங்கள். கணினி சார்ந்த பிரிவுகள் முதலில் நிரம்பிவிடுவதால், சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் அவனுக்கு மெய்யான ஆர்வம் இருந்தால், எட்டாது என்று நினைத்த கல்லூரியே எட்டக்கூடும். செட்டிக்கரையில் உள்ள தருமபுரி அரசு பொறியியல் கல்லூரியையும், பர்கூர், சேலம் அரசுக் கல்லூரிகளையும் வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகக் குறைத்து எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: என் மகள் பள்ளியில் இரண்டாம் இடம் பெற்றவள். அதற்குச் சேர்க்கையில் ஏதேனும் முன்னுரிமை உண்டா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: இல்லை. பள்ளியில் பெற்ற இடம் தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கையில் கணக்கில் வருவதில்லை. பொதுத்தேர்வில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தையே அரசு 2017-இல் கைவிட்டுவிட்டது. ஒரே கட்ஆஃப் பெற்ற இருவரில் கணிதத்தில் கூடுதல் மதிப்பெண் பெற்றவரும், அதுவும் சமமானால் இயற்பியலில் கூடுதல் பெற்றவரும் முன்னால் வருவார்கள். பலர் கவலைப்படும் ரேண்டம் எண், அதாவது ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் கணினி குலுக்கல் முறையில் தரும் எண், மற்ற அளவுகோல்கள் எல்லாம் சமமான பிறகே பயன்படும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடங்களை நீக்கி, மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண்களை 400-க்குக் கணக்கிடுகிறார்கள். இளங்கலைத் தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணையும், இளங்கலை ஆங்கிலத்துக்கு ஆங்கிலப் பாட மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள்.

கேள்வி: எங்கள் தரவரிசையை ஒட்டி நான்கைந்து தனியார் கல்லூரிகள் வருகின்றன. எல்லாமே நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று விளம்பரம் செய்கின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: விளம்பரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்-க்கு அந்தக் கல்லூரி அளித்த தரவுகளை அதன் இணையதளத்தில் தேடுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, வேலை பெற்றவர்களில் பாதிப் பேர் எந்தச் சம்பளத்துக்கு மேல் பெறுகிறார்கள் என்று அதில் இருக்கும். சேர்ந்தவர்களுக்கும் உரிய காலத்தில் முடித்தவர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், சுவரொட்டியில் உள்ள சதவீதம் யாரை வைத்துக் கணக்கிடப்பட்டது என்று கேளுங்கள்.

தன்னாட்சி பெறாத கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே தேர்வு நடத்துவதால், அவற்றின் விகிதத்தை இதனுடன் ஒப்பிட வேண்டாம். என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாக அல்லாமல் பாடப்பிரிவுக்குத் தனித்தனியாக வழங்கப்படுவது; உங்கள் பிரிவுக்கு அது இருக்கிறதா, இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு உதவி பெறும் கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, பாடப்பிரிவின் பெயருக்கு அருகில் எஸ்.எஸ். என்று குறிக்கப்பட்டிருந்தால் அது சுயநிதிப் பிரிவு; அதே வளாகத்தில் இருந்தாலும் கட்டணம் வேறு.

பட்டியலை உறுதிசெய்வதற்கு முன் ஒரு வேலைநாளில் நேரில் சென்று, மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் ஆய்வகங்களைப் பற்றியும், நடுவில் விலகிப்போன ஆசிரியர்களைப் பற்றியும், பேருந்துக் கட்டணம், விடுதிக் கட்டணம் பற்றியும் விசாரியுங்கள். அலுவலகத்தில் சொல்லும் தொகைகளை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.