"என்னோடு வர மட்டும் வெட்கமா?" என்கிறார்

வணக்கம் மேடம். டோக்கியோவில் நிஷி காசாயில் இருக்கிறோம், தடுக்கி விழுந்தால் நம்ம ஊர்க்காரர்கள்தான். கல்யாண நாளுக்கு பழைய காலத்து வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போகலாம் என்று அவர்தான் ஆசையாக புக் பண்ணினார். அகிதா மலையில் நியூதோ ஆன்சென். கொமாச்சி புல்லட் ரயிலில் தசாவாகோ, அங்கிருந்து பஸ், வழியெல்லாம் இருபக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி. மர வீடு, அறையில் டிவி கிடையாது, தரையில் பதித்த கரி அடுப்பைச் சுற்றி மீனைக் குச்சியில் குத்திச் சுட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வெளியே இருக்கும் பெரிய குளம் ஆண், பெண் எல்லோருக்கும் பொது. நீச்சல் உடையெல்லாம் கூடாது. தண்ணீர் பால் மாதிரி வெள்ளை, உட்கார்ந்துவிட்டால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது, வா வா என்று சாயங்காலம் முழுக்கக் கெஞ்சினார். எனக்கு மனசு வரவில்லை. "இவ்வளவு செலவு பண்ணி வந்தது எதுக்கு? நீ இன்னும் கும்பகோணத்துலயே இருக்கே" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய்விட்டார். விடியும் முன் தூக்கம் வராமல் பெண்கள் பக்கக் குளத்துக்குப் போனேன். அங்கே இரண்டு பாட்டிகள், முதலில் முக்காலியில் உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று ஜாடையில் காட்டினார்கள், சின்ன டவலை மடித்து என் தலையில் வைத்துவிட்டார்கள். கூச்சமே வரவில்லை மேடம். அதைச் சந்தோஷமாக இவரிடம் சொன்னதுதான் வினை. "யாரோ கிழவிங்க முன்னாடி முடியுது, கட்டின புருஷனோட வர முடியலையா?"

இப்போது எந்த நண்பர் வீட்டுக்குப் போனாலும் இதை ஜோக்காகச் சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரித்து வைக்கிறேன். ராத்திரி அவர் கிட்டே வந்தால் நகர்ந்து படுக்கத் தோன்றுகிறது. எனக்கு ஏதாவது மனக் கோளாறா?

- நிஷி காசாய் வாசகி

அன்புத் தோழிக்கு,

கோளாறு எதுவும் இல்லை. உடம்பைப் பற்றிய கூச்சம் நோயாகவே இருந்தால் அந்தப் பாட்டிகள் முன்னாலும் நீங்கள் நின்றிருக்க மாட்டீர்கள். அங்கே யாரும் உங்களை வற்புறுத்தவில்லை, யாரும் பார்க்கவுமில்லை, நீங்களாகவே போனீர்கள். மாலையில் நீங்கள் மறுத்தது கணவரை அல்ல, முன்பின் தெரியாத ஆண்களோடு குளிப்பதை. இந்த இரண்டும் அவர் மனதில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது.

கும்பகோணத்தையும் வீணாக இழுத்திருக்கிறார். ஜப்பானியப் பெண்களிலேயே எத்தனையோ பேர் கலப்புக் குளங்கள் பக்கம் போவதில்லை. கரையேறாமல் தண்ணீரிலேயே கிடந்து பெண்கள் வருகிறார்களா என்று பார்க்கும் ஆண்களுக்கு அங்கே முதலை என்றே பட்டப்பெயர். பல விடுதிகள் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்குகின்றன, சில இடங்களில் போர்த்திக்கொள்ளத் துணியும் உண்டு. 1791இலேயே அப்போது ஜப்பானை ஆண்ட எடோ அரசு பொதுக் குளியலறைகளில் ஆண், பெண் சேர்ந்து குளிக்கத் தடை போட்டது, பிறகும் தடைமேல் தடை வந்தது. அந்த ஊர்க்காரர்களே இத்தனை காலமாக முடிவுக்கு வராத விஷயத்தில் நீங்கள் ஒரே சாயங்காலத்தில் மாறியிருக்க வேண்டுமாம்!

சரி, அவர் பக்கம். மனைவியோடு பனியில் ஒரே குளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசையோடு திட்டம் போட்டிருக்கிறார், அது நடக்காமல் போனது வலித்திருக்கும். வலிக்கிறது என்று சொல்ல நம் ஆண்களில் பலருக்கு வாய் வராது, கிண்டலாகத்தான் வரும். இது அவரைப் புரிந்துகொள்ள மட்டும்தான். நாலு பேர் முன்னால் மனைவியின் உடம்பைப் பற்றி ஜோக் அடிப்பதற்கு இது நியாயம் ஆகாது. நீங்கள் இரவில் நகர்ந்து படுப்பதற்குக் காரணம் குளம் அல்ல, அந்தச் சிரிப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. பகலில் ஊர் சிரிக்க வைத்தவரிடம் ராத்திரி உடம்பு எப்படி இளகும்?

அதனால் முதலில் நீங்கள் சிரிப்பதை நிறுத்துங்கள். அடுத்த முறை அந்தக் கதையை அவர் எடுத்தால் அங்கே சண்டை வேண்டாம், சிரிக்காமல் இருந்தால் போதும். வீட்டுக்கு வந்து, படுக்கையறையில் அல்லாமல் ஒரு காபியோடு உட்கார்ந்து, "உங்களோடு வரக்கூடாது என்று நான் நினைக்கவில்லை, தெரியாதவர்கள் இருந்ததால்தான் முடியவில்லை. நீங்கள் அதை வெளியே சொல்லும்போது எனக்கு அவமானமாக இருக்கிறது" என்று நேராகச் சொல்லுங்கள். அவர் உடனே தன்னை நியாயப்படுத்தப் பார்ப்பார், பார்க்கட்டும், நீங்கள் சொன்னதைத் திரும்ப ஒருமுறை சொன்னால் போதும். அன்று அவருக்கு என்ன வருத்தம் என்றும் கேளுங்கள்.

அப்புறம், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து இரண்டு பேர் மட்டும் குளிக்கும் தனிக் குளம் ஜப்பானில் நிறைய விடுதிகளில் உண்டு, 'காஷிகிரி' என்று கேட்டால் சொல்வார்கள். ஆனால் பேச்சு முடியாமல் அதை புக் பண்ணாதீர்கள், சமாதானத்துக்கு விலையாகிவிடும். பேசிய பிறகும் ஜோக் தொடர்ந்தால் இருவரும் சேர்ந்து ஒரு ஆலோசகரிடம் பேசுங்கள், ஆன்லைனில் தமிழிலேயே பேச முடியும். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது பேசுங்கள்.