மூளை ஸ்கேனைப் பார்த்து ஒருவரின் அரசியலைச் சொல்லலாமா?

முடியாது. தனி ஒருவரின் எம்.ஆர்.ஐ படத்தை வைத்து அவருடைய வாக்கை நம்பகமாக ஊகிக்க வழியில்லை.

இந்தப் பேச்சு பரவக் காரணம், 2011இல் லண்டனில் 90 மாணவர்களிடம் நரம்பியல் ஆய்வாளர் ரியோட்டா கனாயின் குழு செய்த ஆய்வு. பழமைவாதிகளுக்கு, அச்சத்தைக் கையாளும் வலது அமிக்டலா சராசரியில் சற்றுப் பெரிது. தாராளவாதிகளுக்கு, முரண்பாட்டைக் கவனிக்கும் முன் சிங்குலேட் புறணியில் சாம்பல்நிறப் பொருள் (நரம்புச் செல்கள் நிறைந்த திசு) கூடுதல் என்றார்கள். 2024இல் நெதர்லாந்தில் 928 பேரிடம் சோதித்தபோது சிங்குலேட் தொடர்பு கிடைக்கவில்லை. அமிக்டலாத் தொடர்பு கிடைத்தது, ஆனால் முன்னையதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான், உண்மையாகவே எள்ளளவு. சிறிய மாதிரியில் தற்செயல் வேறுபாடும் பெரிதாகத் தெரிவதால் இப்படி நேர்கிறது.

மூளை வேறுபாடா, அரசியல் கருத்தா, எது முந்தியது என்பதையும் ஒருமுறை எடுத்த ஸ்கேன் காட்டாது. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் தெருக்களை மனப்பாடம் செய்தபின், இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பின்பக்கம் வளர்ந்திருந்தது. பழக்கமும் மூளையை மாற்றுகிறது.

திருகோணமலைக்கு இன்னொரு சிக்கல்: பழமைவாதி, தாராளவாதி என்ற அந்த அளவுகோலே இங்கு சரிவராது. காணி, மொழி, கடல் உரிமை, சமூகம் எல்லாம் இங்கே வாக்கில் கலக்கின்றன. காணியை மீட்கப் போராடும் மூதூர் விவசாயி குடும்ப வழக்கங்களில் மரபை விடாதவராக இருக்கலாம். அவரைப் பழமைவாதி என்பதா, தாராளவாதி என்பதா? அதைத் தீர்க்காமல் ஸ்கேன் எடுத்துப் பயனில்லை.