கிட்ட போனா மீன் ஏன் ஓடுது? – கேள்வி பதில்

கே: கடலுக்கடியில டைவ் போய் மீனைப் படம் எடுக்கப் பாக்கறேன், எந்த மீனும் நிக்க மாட்டேங்குது. ஜூம் அதிகமா உள்ள லென்ஸ் வாங்கலாமா?

வேண்டாம், காசு மிச்சம். நடுவுல தண்ணி கூடக்கூட படம் மங்கிடும், அதனால கிட்ட போயே ஆகணும். நீங்க நேரா அது மூஞ்சியைப் பாத்துப் போறீங்க, வேட்டைக்கு வர்ற பெரிய மீனும் அப்படித்தான் வரும். பக்கவாட்டுல சாய்வா, அதோட கண் மட்டத்துல போங்க, மேல இருந்து இறங்கவே இறங்காதீங்க. ரெண்டு மீட்டர்ல நின்னு ஒரு நிமிஷம் அதை மேய விட்டுட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நகருங்க. ஃபின்னை (கால்ல மாட்டுற துடுப்பை) வேகமா அடிச்சா அந்த அதிர்வு மீனோட பக்கவாட்டுக் கோட்டுல, அதாவது உடம்போட ரெண்டு பக்கமும் அதிர்வை உணர்ற உறுப்புல பட்டுடும், தவளை மாதிரி காலை அகட்டி மெதுவா உதைக்கிற தவளை கிக் போதும். முதல்ல பாயன்சி (மேல போகாம, கீழ முங்காம ஒரே மட்டத்துல மிதக்கிறது), அப்புறம்தான் கேமரா.

கே: குமிழி சத்தத்துக்கு பயப்படுது, மூச்சைப் பிடிச்சுக்கட்டுமா?

கூடவே கூடாது. மூச்சைப் பிடிச்சபடி ஒரு மீட்டர் சொச்சம் மேல போனாலே நுரையீரல் கிழியலாம். மெதுவா, நீளமா விடுங்க, விட்டு முடிக்கிற நேரத்துல ஷட்டரை அமுக்குங்க.

கே: பேத்தை மீன் உப்பின மாதிரி படம் வேணும். கூட வந்தவர் குச்சியால தொட்டா உப்பும்னு சொல்றார், சரியா?

தப்பு, தப்பு, நூறு தடவை தப்பு. எத்தனை பேருக்குத்தான் இதையே சொல்றது! தப்பிக்க வேற வழியே இல்லாதப்பதான் அது தண்ணியைக் குடிச்சு குடிச்சு உப்புது, உப்பினப்புறம் சரியா நீந்தக்கூட முடியாது, சின்ன துடுப்பு மட்டும் படபடன்னு அடிச்சுக்கிட்டு உருளும், நீங்க படத்தைப் பாத்து சந்தோஷப்பட்டுக் கிளம்பிடுவீங்க, அடுத்த குரூப் வந்து அதே மீனைத் திரும்ப தொடும். தொடாம விட்டா பேத்தை மாதிரி பொறுமையா போஸ் குடுக்கிற மீன் கம்மி, அதோட ரெண்டு கண்ணும் தனித்தனியா சுத்தி உங்களைப் பாக்கும் பாருங்க, அந்தப் படத்தை எடுங்க. குச்சியை நீட்டுறவர் கூட டைவ் போகாதீங்க. மீனைத் தொடாதீங்க, பவளப்பாறையைப் பிடிக்காதீங்க, மணல்ல பாத்துக் கை வைங்க, கல்மீன் கிடந்தா முள்ளுல கடும் விஷம்.

கே: கிளாத்தி மீன் (டிரிகர்ஃபிஷ்) ஒண்ணு துரத்திக் கடிக்க வந்துச்சு, ஏன்?

கூட்டுல முட்டை இருந்திருக்கும். பெரிய கிளாத்தி கூட்டுக்கு மேல இருக்கிற தண்ணியையும் தன் இடமாத்தான் நினைக்கும், மேல போகப்போக அந்த இடம் அகலமாகும். அதனால மேல ஏறாம பக்கவாட்டுல விலகுங்க.

கே: பயப்படாம நிக்கிற மீன் எங்க கிடைக்கும்?

சுத்தம் பண்ற குட்டி மீன்கள் இருக்கிற பாறைக்கிட்ட. பெரிய மீன் வாயையும் செவுளையும் திறந்துட்டு அசையாம நிக்கும். ஓரமா காத்திருங்க, நடுவுல புகுந்தா எல்லாம் கலைஞ்சிடும்.

கே: செட்டிங்ஸ் சொல்லுங்க.

எந்த கேமரா, எவ்வளவு ஆழம், ஸ்ட்ரோப் (தண்ணிக்கடியில அடிக்கிற ஃபிளாஷ்) இருக்கா, எதுவுமே எழுதலையே! பொதுவா ஸ்ட்ரோப்போட மேக்ரோன்னா (சின்னதை ரொம்ப கிட்ட இருந்து எடுக்கிறதுன்னா) ஐஎஸ்ஓ 200, அபெர்ச்சர் எஃப் 11, ஷட்டர் 1/125 செகண்டுல ஆரம்பிங்க. எல்லாத்தையும் தள்ளி இருக்கும்போதே செட் பண்ணிடுங்க, மீன் முன்னாடி போய் பட்டனைத் தேடிட்டு இருந்தா பாயன்சி போயிடும், மீனும் போயிடும்.