விடுதலை இறையியல் கம்யூனிசமா?

"விடுதலை இறையியல் மார்க்சியம்தானே, இலங்கை மலையகத்தில் அதற்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஏழை ஏன் ஏழையாகவே இருக்கிறான் என்று நற்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதுதான் அது. 1968இல் கொலம்பியாவின் மெடலின் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள், வறுமையை அநீதியின் விளைவாகப் பார்த்தார்கள். 1984இல் வத்திக்கான் எச்சரித்தது, மார்க்சிய ஆய்வைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்வதைத்தான். ஏழைகள் பக்கம் நிற்பதை அல்ல.

சரி, நம் பக்கம் வருவோம். இயேசு சபையைச் சேர்ந்த போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் சத்தியோதய என்ற சமூக ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வேலை செய்த இடம் அது. தோட்டத் தொழிலாளரின் கூலி, லயத்து (தோட்ட வரிசை வீடுகளின்) வாழ்க்கை, 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த குடியுரிமை எல்லாம் அங்கே விசுவாசத்தின் கேள்விகளாகின. எங்கள் தோட்டத்துக் கோயிலில் சின்ன வயதில் நான் கேட்டதெல்லாம் பொறுமை பற்றிய பிரசங்கம்தான், அது வேறு கதை.