எந்தச் செயலி என்று கேட்பதற்கு முன்

கேள்வி: அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்புக்குக் கணிதமும் அறிவியலும் நடத்துகிறேன். வகுப்பில் 36 பேர். பள்ளிக்கு ஆறு ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் நன்கொடையாக வந்திருக்கின்றன. இணையம் நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. போன பருவத்தில் சுவரொட்டி வடிவமைக்கும் செயலி ஒன்றைக் கொடுத்து, தாவரங்களின் இனப்பெருக்கம் பற்றிக் குழுவுக்கு ஒரு பக்கம் தயாரிக்கச் சொன்னேன். எழுத்துருவும் வண்ணமும் தேர்ந்தெடுப்பதிலேயே இரண்டு பாடவேளைகள் போய்விட்டன. எழுதியதெல்லாம் பாடநூலில் உள்ள வரிகள். 'பள்ளிக்கூடத்திலுமா விளையாட்டு?' என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். பாடத்தையும் முடித்தாக வேண்டும். எந்தச் செயலிகளைப் பயன்படுத்தினால் பிள்ளைகள் உண்மையிலேயே கற்றுக்கொள்வார்கள்?
– ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த இரண்டு பாடவேளைகளுக்காகப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சுவரொட்டிச் செயலியில் ஒரு பிள்ளை எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் நிறத்தையும் எழுத்தையும் படம் வைக்கும் இடத்தையும் பற்றியவை. மகரந்தத்தைப் பற்றி யோசித்துத் தீர வேண்டிய கட்டாயம் அங்கே எந்த இடத்திலும் வருவதில்லை. ஆகவே ஒரு செயலியை வகுப்புக்குள் கொண்டுவருமுன், அதில் வேலை செய்யும் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறி நிற்பான், அதைத் தாண்டுவதற்கு அவனுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டுமா என்று பாருங்கள். தெரிந்திருக்கத் தேவையில்லை என்றால், அந்தச் செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் பாடவேளைக்கு உரியதன்று.

உங்கள் வகுப்புக்கு நான் முதலில் சொல்வது ஸ்கிராட்ச். கட்டளைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, திரையில் உள்ள உருவத்தை இயக்கும் நிரலாக்கச் செயலி அது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீடியா லேபில் மிட்சல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007இல் வெளியிட்டது, விலையில்லாதது, டேப்லெட்டில் ஒருமுறை நிறுவிவிட்டால், நான் கீழே சொல்லும் வேலைக்கு இணையம் வேண்டியதில்லை. 1967இல் கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய லோகோ என்னும் கணினி மொழியின் வழியில் வந்தது இது. குழந்தை கணினிக்குக் கட்டளையிடும்போது தன் சிந்தனையையே வெளியே எடுத்து வைத்துப் பார்க்கிறது என்பது பேப்பர்ட்டின் நம்பிக்கை. அதை ஏழாம் வகுப்பு வடிவியலிலேயே நீங்கள் காணலாம்.

திரையில் உள்ள பூனையிடம் பேனாவைக் கொடுத்து, ஒரு சமபக்க முக்கோணம் வரையச் சொல்லுங்கள். 'இத்தனை அடி நகர்', 'இத்தனை பாகை திரும்பு', 'இத்தனை முறை மீண்டும் செய்' என்ற மூன்று கட்டளைகள் போதும். பெரும்பாலான பிள்ளைகள் திரும்பும் அளவாக 60 பாகையைக் கொடுப்பார்கள், ஏனென்றால் சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்பது அவர்களுக்கு மனப்பாடம். பூனை மூன்று கோடுகள் போட்டுவிட்டு, முக்கோணத்தை மூடாமல், பாதி அறுகோணத்தோடு நின்றுவிடும். இந்த இடத்தில் தயவுசெய்து விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு பிள்ளை எழுந்து, தரையில் சாக்பீஸால் வரைந்த முக்கோணத்தின் மேல் நடந்து பார்க்கட்டும். மூலையில் அவன் உடல் திரும்புகிற அளவு உள்ளே இருக்கும் கோணமன்று, வெளியே இருக்கும் 120 பாகை என்பது அப்போது காலுக்கே தெரிந்துவிடும். வெளிக்கோணத்தைக் கரும்பலகையில் வரையறையாக எழுதிப் போட்டால் இந்தத் தெளிவு கிடைப்பதில்லை.

அங்கிருந்து சதுரம், ஐங்கோணம், அறுகோணம் என்று போகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பக்கங்களின் எண்ணிக்கையையும் திரும்பிய பாகையையும் ஏட்டில் அட்டவணையாக எழுத வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் எப்போதும் 360 வருவதை வகுப்பில் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். பிறகு எழுகோணம் கேளுங்கள். 360ஐ ஏழால் மீதியின்றி வகுக்க முடியாது. 51 பாகை கொடுத்தால் மொத்தம் 357தான் ஆகிறது, கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியைத் தொடாமல் மயிரிழை இடைவெளி விட்டு நிற்கும். விடையைத் தோராயமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு டேப்லெட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால் இருவர் வேலை செய்வார்கள், நால்வர் எட்டிப் பார்ப்பார்கள். எனவே ஒரு டேப்லெட்டுக்கு மூவர் என 18 பேரை உட்கார வைத்து, மற்ற 18 பேரை அதே வடிவங்களைத் தாளிலும் தரையிலும் வரைந்து நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த பாடவேளையில் இரு பாதியும் இடம் மாறட்டும். மூவரில் ஒருவர் கட்டளை கொடுக்கட்டும், ஒருவர் என்ன வரும் என்று முன்கூட்டி ஏட்டில் எழுதட்டும், இன்னொருவர் வந்ததை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலை மாறட்டும். எழுதாமல் இயக்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். இந்த விதி இல்லாவிட்டால் பிள்ளைகள் எண்களை மாற்றி மாற்றித் தட்டி, தற்செயலாக வந்த விடையோடு நிறைவடைந்துவிடுவார்கள்.

அறிவியலுக்கு ஸ்டாப் மோஷன் அனிமேஷன், அதாவது அசையாத படங்களை அடுத்தடுத்து ஓட்டி அசைவதுபோல் காட்டும் படம், செய்யும் செயலி ஒன்று போதும். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பு உங்கள் தேவைக்குச் சரியாக இருக்கும். நீங்கள் சுவரொட்டிக்குக் கொடுத்த அதே பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மகரந்தத்தூள் சூலகமுடியில் விழுவதிலிருந்து சூலை அடைவது வரை களிமண்ணால் செய்து, சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்க வேண்டும். பாடநூலில் இருப்பது அசையாத படம். அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்க வேண்டியிருக்கும்: மகரந்தத்தூள் அப்படியே உருண்டு உள்ளே போகிறதா, அதிலிருந்து குழாய் முளைத்து நீள்கிறதா, நீண்டால் சூலகத்தண்டின் வழியாக எதுவரை போகிறது? தூளையே உள்ளே தள்ளுகிற குழு ஒன்று நிச்சயம் இருக்கும். தேர்வுத்தாளில் சரியான வரியை எழுதித் தப்பிவிடக்கூடிய பிழை அது. இங்கே மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நொடிக்கு ஐந்து படம் என்று வைத்தால் 20 நொடிக்கு 100 படம் எடுக்க வேண்டும், அதற்குமேல் கேட்காதீர்கள். டேப்லெட் அசையாதபடி இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே பொருத்திவிட்டு, எடுக்கப்போகும் காட்சிகளைத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டிய குழுவுக்கு மட்டும் அதைக் கொடுங்கள்.

வடிவங்களை வரைந்து அசைத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ராவும் நல்ல செயலி. முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தபடி கோணங்களின் கூடுதல் 180லேயே நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் தொடாதீர்கள். புதிய செயலி ஒவ்வொன்றும் பழகுவதற்கே ஒரு பாடவேளையைத் தின்றுவிடும். சுவரொட்டிச் செயலியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. உள்ளடக்கத்தைச் சொந்த நடையில் ஏட்டில் எழுதி உங்களிடம் காட்டிய பிறகு, கடைசி இருபது நிமிடத்துக்குக் கொடுக்கலாம்.

பெற்றோரின் கேள்வியை நான் மதிக்கிறேன். வீட்டில் கைப்பேசி படுத்தும் பாட்டைப் பார்த்தே அவர்கள் கேட்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று இரண்டு பிள்ளைகளை நிறுத்தி, 60 பாகை கொடுத்தபோது முக்கோணம் ஏன் வரவில்லை என்று தங்கள் பேச்சில் விளக்கச் சொல்லுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். கேரளத்து அரசுப் பள்ளிகளில் 2018 முதல் இயங்கும் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் மாணவர்கள் அனிமேஷனும் நிரலாக்கமும் கற்கிறார்கள் என்பதையும் எடுத்துச் சொல்லலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைப் பெறப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளின் பெயரில் கணக்குத் தொடங்கச் சொல்லும் செயலிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவர்களின் முகம் தெரியும் படங்களை எங்கும் பதிவேற்றாதீர்கள்.

பாடம் முடிப்பது பற்றிய உங்கள் கவலைக்கு என் யோசனை இது. இந்த வேலைகளைப் பாடத்தோடு கூடுதலாகச் சேர்க்காமல், வெளிக்கோணப் பாடத்தையே ஸ்கிராட்ச் வழியாக நடத்துங்கள். வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கு உரிய மதிப்பெண்ணை, முன்கூட்டி எழுதிய கணிப்புக்கும் பின்னால் எழுதிய விளக்கத்துக்கும் கொடுங்கள், படத்தின் அழகுக்குக் கொடுக்க வேண்டாம். இந்தப் பருவத்தில் நான்கு பாடவேளைகளை இதற்கென ஒதுக்கினால் போதும். களிமண் அனிமேஷனை அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.